விடைத்தாளையும் அனுப்புங்கள்: வளர்ந்தோர் வாசிப்பு வகுப்புகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் வளர்ந்தோர் வாசிப்பு வகுப்புகளைத் திட்டமிடுகிற, அவற்றுக்கு நிதி ஒதுக்குகிற, மேற்பார்வை செய்கிற அலுவலர்களுக்கும் அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் எங்கள் வகுப்பின் வாசிப்புப் பரீட்சைப் பெறுபேறு வந்து சேர்ந்தது. ஒரே ஒரு தாள். இடப்பக்கம் 19 பெயர்கள். வலப்பக்கம் 40 க்கு எத்தனை என்று ஆளுக்கு ஓர் எண். பக்கத்தில் "மட்டம் 1", "மட்டம் 2" என்றோ "எழுத்தறிவு இல்லை" என்றோ ஒரு குறிப்பு. தாளின் அடியில், "20 புள்ளிக்குக் குறைந்தோருக்கு விசேட கவனம் செலுத்தவும்" என்று ஒரு வரி. விடைத்தாள்களைத் தர முடியுமா என்று கேட்டேன். கோவையில் வைத்தாயிற்று, வெளியே கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். எந்தக் கந்தோர் என்று எழுத விரும்பவில்லை. கொஞ்சம் கூடக் குறைய எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம் என்று மற்ற வகுப்புகளில் படிப்பிக்கிற நண்பர்களும் சொல்கிறார்கள்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு அன்று இரவு வெகுநேரம் யோசித்தேன். விசேட கவனம் செலுத்த எனக்கு முழு விருப்பம். ஆனால் எதில் செலுத்துவது? நாளைக்கு மாலை நாலரைக்கு அவர் வந்து என் முன்னால் உட்காரும்போது எந்தச் சொல்லில் தொடங்குவது? 14 என்ற எண் அதற்குப் பதில் சொல்லவில்லை. 31 என்ற எண்ணும் சொல்லவில்லை. இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

உப்புவெளிப் பக்கத்தில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் கிழமைக்கு மூன்று மாலை வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் அதிகம் பேர் பெண்கள். 1990 இல் போரில் ஊரை விட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது வீட்டோடு கொப்பி புத்தகமும் போய், பிறகு பள்ளிக்கூடப் படியே மிதிக்காதவர்கள் இருக்கிறார்கள். 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து வெளிக்கிட்டு, முகாம் முகாமாக மாறி, ஊர் திரும்பவே ஏறத்தாழப் பத்து ஆண்டு காத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது முப்பது வயதைத் தாண்டிய தாய்மார். 5 முதல் 14 வயது வரை கட்டாயம் பாடசாலைக்குப் போக வேண்டும் என்ற ஒழுங்குவிதி 1998 இல் வந்தது. 2016 இல் அது 16 வயது வரை நீண்டது. என்னிடம் வருகிறவர்களில் சிலருக்கு அந்த விதி பிந்தி வந்தது. சிலருக்கு விதி இருந்தது, பாடசாலை இருக்கவில்லை. இவர்கள் ஒவ்வொருவரும் வாசிப்பை வெவ்வேறு இடத்தில் தவறவிட்டவர்கள். தவறவிட்ட இடத்தை எனக்குக் காட்டுகிற அறிக்கைதான் எனக்கு வேண்டும்.

இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். பெறுபேற்றுத் தாளில் இருவருக்கும் 22. இருவரும் 20 ஐத் தாண்டிவிட்டதால் இருவருக்கும் விசேட கவனம் தேவையில்லை. வினாத்தாளின் உபரிப் பிரதிகள் சில என்னிடம் இருந்தன. ஒவ்வொருவராகப் பக்கத்தில் இருத்தி மறுபடி செய்யப் பார்த்தேன். பத்துப் பத்தாக நான்கு பகுதிகள்: எழுத்து அறிதல், படத்துக்கு ஏற்ற சொல்லைத் தெரிதல், நாங்கள் வாய்விட்டு வாசிக்கும் சொல்லுக்குப் பொருள் தெரிதல், பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ளல்.

முதலாமவர் கருவாடு போட்டு விற்கிற ஓர் அக்கா. எழுத்தில் 6, சொல்லில் 4, பொருளில் 9, பந்தியில் 3. கூட்டினால் 22. இரண்டாமவர் மேசன் வேலைக்குப் போகிற ஒரு தம்பி. எழுத்தில் 9, சொல்லில் 8, பொருளில் 3, பந்தியில் 3. கூட்டினால் 23. ஒரு புள்ளி முன்பின்னாக இருவரும் ஒன்றுதான். ஆனால் அக்காவுக்கு எழுத்துத்தான் முட்டுக்கட்டை. எழுத்து திறந்துவிட்டால் உள்ளே எல்லாம் இருக்கிறது. பகல் முழுக்க றேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீன் வெட்டுகிறவர். செய்தித் தமிழ் முழுவதும் காதால் ஏறியிருக்கிறது. "நிவாரணம்", "ஒத்திவைப்பு", "வர்த்தமானி" என்று எதைக் கேட்டாலும் பொருள் சொல்கிறார். தம்பி எழுத்துக்கூட்டி எதையும் வாசித்துவிடுவார். வாசித்த சொல் என்ன என்பதுதான் அவருக்குத் தெரிவதில்லை.

அந்தத் தம்பி ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகு நின்று ஒரு விசயம் சொன்னார். கூட வேலை செய்கிற ஒருவர் கடன் எடுத்தபோது இவரிடம் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். "பிணையாளர்" என்று இருந்த இடத்தைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்து, கையெழுத்தும் வைத்திருக்கிறார். கடன்காரர் தவணை கட்டாமல் விட்ட பிறகு, இவருடைய வாசலுக்கு ஆள் வந்தபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் அவருக்கு விளங்கியிருக்கிறது. "வாசிச்சுத்தான் ரீச்சர் வச்சன்" என்று இரண்டு முறை சொன்னார். அன்றாட வாழ்க்கை பற்றிய ஒரு சிறிய எளிய கூற்றைப் பொருள் விளங்கி வாசிக்கவும் எழுதவும் இயலுமானவரே எழுத்தறிவுள்ளவர் என்று யுனெஸ்கோ 1958 இலேயே சொல்லிவிட்டது. அந்தப் "பொருள் விளங்கி" என்ற இரண்டு சொற்களைத்தான் மொத்தப் புள்ளி விழுங்கிவிடுகிறது.

வாசிப்பை ஆராய்கிறவர்கள் இதைக் கணக்காகவே எழுதியிருக்கிறார்கள். பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் 1986 இல் முன்வைத்த கருத்து அது. எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டு விளங்கும் திறனையும் பெருக்கி வருவதுதான் வாசித்து விளங்குதல் என்றார்கள். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்றார்கள் என்பதுதான் முக்கியம். பெருக்கலில் ஒன்று பூச்சியமானால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூச்சியம். அக்காவும் தம்பியும் பந்தியில் ஒரேமாதிரி 3 எடுத்த காரணம் இதுதான். ஒருவருக்கு ஒரு காரணி சிறிது, மற்றவருக்கு மற்றக் காரணி சிறிது. எங்களுக்கு வருகிற தாளோ எல்லாவற்றையும் கூட்டி ஓர் எண் போடுகிறது.

அக்காவின் 6 ஐயும் இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்த்தேன். பிழைத்த நான்கில் மூன்று கொம்பு வருகிற எழுத்துகள். கெ, கொ, தே. தமிழில் ஒலியில் மெய் முந்தி, உயிர் பிந்தி. எழுதும்போது கொம்பு முந்திக்கொள்கிறது. "கொ" வில் இன்னும் சிக்கல்: ஒரே உயிரின் குறி எழுத்துக்கு முன்னால் பாதி, பின்னால் அரவாகப் பாதி. எங்களுக்குப் பழகிப் போனதால் இது கண்ணில் படுவதில்லை. புதிதாகக் கற்கிற ஒருவர் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கிறார், முதலில் வருகிற குறிக்கு என்ன ஒலி என்று தேடுகிறார், தடுமாறுகிறார். அக்காவுக்கு "விசேட கவனம்" என்றால் முழு நெடுங்கணக்கையும் மறுபடி தொடங்குவது இல்லை. கொம்பு வருகிற சொற்களை, அதுவும் அவருக்குத் தெரிந்த சொற்களை, நாளுக்குப் பத்து நிமிடம் வாசிப்பது. நெத்தலி, கெளிறு, கொடுவா என்று தொடங்கினோம். இப்போது பெட்டிகளில் ஒட்டுகிற சீட்டில் பெயரைத் தானே எழுதுகிறார். மூன்று கிழமைதான் ஆகிறது. விடைத்தாள் முதலிலேயே கையில் வந்திருந்தால் இதை அவருக்கு ஒன்றரை மாதம் முந்தியே செய்திருப்பேன்.

அறுபது கடந்த ஓர் அம்மாவுக்கு வேறு கதை. 1970 களில் இரண்டு மூன்று வருடம் பாடசாலை போனவர். வகுப்பில் "திருகோணமலை" என்று பலகையில் எழுதினேன். "திருகோணம" வரை வாசித்துவிட்டு நின்றார். "நான் படிச்ச எழுத்து இது இல்லப் பிள்ளை" என்று சொல்லி, கொப்பியில் அவருடைய "லை" யை எழுதிக் காட்டினார். யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்து இறங்குகிற பழைய ஐகாரம். 1978 இல் தமிழ்நாட்டு அரசின் ஆணையோடு வந்த எழுத்துச் சீர்திருத்தம் பிறகு இங்கேயும் அச்சில் பரவியது. அந்த அம்மா அதற்கு முன்பே பாடசாலையை விட்டவர். ணை, லை, னை, ளை, ணா, றா, னா, அப்புறம் ணொ, றோ போன்ற எழுத்துகளில்தான் அவருக்கு அத்தனை பிழையும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாலை போதுமாயிருந்தது. அவருடைய தாளில் "மட்டம் 1" என்று இருக்கிறது. ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தே அவர் கண்முன்னால் மாறிப்போன கதை அந்த "1" இல் எங்கே இருக்கிறது?

இன்னொருவர் கிண்ணியாவிலிருந்து நகரத்துக்குக் குடிவந்த ஒரு தாய். தாளில் 9 புள்ளி, "எழுத்தறிவு இல்லை". அவர் சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதுகிறவர். அரபு எழுத்தை எழுத்தாகப் பார்த்து, குறில் நெடில் தவறாமல் ஒலிக்கத் தெரிந்தவர். எழுத்து என்றால் ஒலி, குறி மாறினால் ஒலி மாறும், ஒலிகளைச் சேர்த்தால் சொல் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரிடம் இல்லாதது தமிழ் நெடுங்கணக்கு ஒன்றுதான். எழுத்து என்பதே புதிதாக இருக்கிற ஒருவரையும் இவரையும் ஒரே குறிப்பின் கீழ் போடுவது கற்பித்தலுக்கு உதவாது. அதைவிட, அந்தக் குறிப்பை அவருடைய மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த வகுப்புக்கு அந்தத் தாய் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் கூட்டிவந்தேன்.

அவருடைய 9 ஐப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வினாக்கள் 40. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, ஒன்றுக்குப் புள்ளடி. வினாவை வாசிக்காமலே கண்ணை மூடிக்கொண்டு 40 க்கும் புள்ளடி போட்டால் சராசரியாக 10 சரியாகிவிடும். அதிர்ஷ்டத்தைப் பொறுத்து 7 க்கு இறங்கும், 13 க்கு ஏறும்; அந்த எல்லைக்குள் எது வந்தாலும் அதில் ஆச்சரியமில்லை. ஆகவே 13 எடுத்த ஒருவர் எதையாவது வாசித்தாரா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தத் தாயோ தெரியாததைத் தொடவில்லை. 11 வினாவுக்குத்தான் புள்ளடி போட்டதாக என்னிடம் சொன்னார். அதில் 9 சரியென்றால் அவர் தொட்டதை அறிந்து தொட்டிருக்கிறார். பட்டியலில் 13 எடுத்தவருக்குக் கீழே நிற்கிறார். விடைத்தாளை ஒரு நிமிடம் பார்த்தால் தெரிகிற விசயம் இது. எத்தனை வினாவுக்கு விடை போட்டார் என்ற ஒரு நிரலாவது அறிக்கையில் இருந்தால் போதும்.

வெள்ளெழுத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நாற்பது வயதை ஒட்டிக் கிட்டப் பார்வை குறையத் தொடங்குவது எல்லாருக்கும் வருவது. எங்கள் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த வயதைத் தாண்டியவர்கள். வினாத்தாள் பொடி எழுத்தில், ஒளி மங்கிய போட்டோப் பிரதியாக வந்தது. பரீட்சை நடந்த மண்டபத்தில் பின்வரிசைக்கு வெளிச்சம் போதாது. ஓர் ஐயா தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து ஓடுது" என்று வைத்துவிட்டார். அவருக்கு 11. பிறகு பக்கத்தில் இருந்தவருடைய கண்ணாடியை வாங்கிப் போட்டு அதே பந்தியை வாசித்தார், தடங்கல் இருந்தது, ஆனால் வாசித்தார். அவருக்கு முதலில் தேவைப்பட்டது கண் பரிசோதனை. பரீட்சைக்கு முன் எல்லாருக்கும் கண் பார்க்க ஏற்பாடு செய்தால், புள்ளி எதை அளக்கிறது என்பதில் எங்களுக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை வரும்.

வேகம் பற்றி ஒரு கையேடு எங்களுக்குத் தரப்பட்டது. நிமிடத்துக்கு இத்தனை சொல் வாசித்தால் சரளம் என்று ஓர் அட்டவணை. அது ஆங்கிலத்துக்குச் செய்த கணக்கு. தமிழுக்கு அப்படியே போடக்கூடாது. "வைத்தியசாலையிலிருந்து" என்பது எங்களுக்கு ஒரு சொல். அதில் 11 எழுத்து. "கடல்" என்பதும் ஒரு சொல், 3 எழுத்து. சொல்லை எண்ணினால், எந்தப் பந்தியைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஆள் ஒரு நாள் சரளமாகவும் மறுநாள் மந்தமாகவும் தெரிவார். எழுத்தை எண்ணுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்: ஒரு நிமிடம், பிழையில்லாமல் வாசித்த எழுத்து எத்தனை. அதையும் அவருடைய போன மாதத்து எண்ணோடு மட்டும் ஒப்பிடுகிறேன், பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடுவதில்லை.

ஆனாலும் வேகத்தை அளக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. சிலர் அதைத் தேவையில்லாத அவசரம் என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. செய், செய்யாதே என்பதும் அங்கேதான் தெரிகிறது. "இந்த மருந்தை வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது" என்ற வரியை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிக்கிறவர் "வயிற்றில்" வரும்போதே களைத்துவிடுகிறார். தொடக்கம் மறந்துவிடுகிறது. சிலர் "எடுக்க" வரை வந்துவிட்டு, மிச்சத்தைத் தாங்களே ஊகித்துக்கொண்டு தாளை மடிக்கிறார்கள். "கூடாது" வாசிக்கப்படாமலே போகிறது. கிளினிக் கொப்பியோடு வருகிற தாய்மாரிடம் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் சரியாக வாசிக்கிறவர், ஆனால் மெதுவாக வாசிக்கிறவர், பந்தி விளக்கத்தில் தோற்றால் அவருக்கு வேண்டியது புதிய சொல்லோ புதிய எழுத்தோ இல்லை. தெரிந்த சிறு பந்தியையே மூன்று நான்கு தரம் வாய்விட்டு வாசிப்பதுதான். இந்த வேறுபாட்டைக் காட்ட அறிக்கையில் ஓர் இடம் வேண்டும்.

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு என்பதையும் பரீட்சை தயாரிக்கிறவர்கள் நினைவில் வைத்தால் நல்லது. பந்தியில் "உணவு உட்கொண்ட பின்னர் அருந்தவும்" என்று வருகிறது. சாப்பிட்ட பிறகு குடிக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் விளங்காது? பந்தியில் வந்த "அஞ்சலகம்" என்ற சொல்லை எங்கள் வகுப்பில் பலர் முதல்தடவையாகக் கண்டார்கள். தபால் கந்தோர் என்றால் வழியே காட்டுவார்கள். அந்த வினாக்களில் பிழைத்தவர்களுக்கு வாசிப்பு வரவில்லை என்று முடிவு செய்வதா, எழுத்துத் தமிழின் சொற்கள் வரவில்லை என்று முடிவு செய்வதா? இரண்டுக்கும் நான் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. பொருள் பகுதியில் பிழைத்த வினாக்களின் எண்களை மட்டும் தந்தாலும் நான் கண்டுபிடித்துக்கொள்வேன்.

இனி முன்னேற்றம் பற்றி. மூன்று மாதத்தில் மறுபடி பரீட்சை வைத்து, புள்ளி ஏறிய வகுப்புக்கு நிதி, ஏறாத வகுப்புக்கு விளக்கக் கடிதம் என்ற பேச்சு அடிபடுகிறது. தயவு செய்து இதைச் செய்ய முன் ஒரு தரம் யோசியுங்கள். எந்தப் பரீட்சையிலும் ஒரே ஆள் இன்று ஒரு புள்ளியும் நாளை இன்னொரு புள்ளியும் எடுப்பார். விடிய நாலு மணிக்குக் கடற்கரைக்குப் போய் வந்த களைப்பு, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், ஊகித்த இரண்டு விடை பலித்தது, இப்படி எத்தனையோ. அளவைப் பிழை என்று இதைச் சொல்வார்கள். நல்ல பரீட்சை தயாரிக்கிறவர்கள் அந்தப் பிழையின் அளவைக் கணித்து அறிக்கையிலேயே எழுதுவார்கள். அது 3 புள்ளி என்று வைத்துக்கொண்டால், 14 எடுத்தவருடைய உண்மையான இடம் 11 க்கும் 17 க்கும் இடையில் இருக்கலாம் என்றுதான் பொருள். அதற்கு வெளியேயும் இருக்கலாம், மூன்றில் இரண்டு பங்கு நிச்சயம்தான் அது. இரண்டு பரீட்சைகளின் வித்தியாசத்தைப் பார்க்கும்போது இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும். 3 என்பது 4 க்கு மேலாகிவிடும். 14 இலிருந்து 17 க்கு ஏறியவரைக் காட்டி நான் பெருமைப்பட முடியாது. 17 இலிருந்து 14 க்கு இறங்கியவரைக் காட்டி நீங்கள் என்னிடம் விளக்கம் கேட்கவும் முடியாது. அதோடு, இரண்டு தரமும் அதே வினாத்தாள் என்றால் ஞாபகசக்தியையும் சேர்த்தே அளக்கிறோம்.

20 என்ற கோடும் அப்படித்தான். 19 எடுத்தவருக்கும் 20 எடுத்தவருக்கும் இடையில் உண்மையில் ஒரு வித்தியாசமும் இல்லாமல் இருக்கலாம். ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நாடுகளின் அமைப்பு) நடத்துகிற வளர்ந்தோர் திறன் கணக்கெடுப்பில் எழுத்தறிவுக்கு 500 வரை போகிற அளவுகோல் இருக்கிறது. 226 முதல் 275 வரை மட்டம் 2 என்பார்கள். ஆனால் அந்த மட்டத்தில் உள்ளவர் எப்படிப்பட்ட தாளை வாசித்து என்ன செய்வார் என்ற விவரணமும் கூடவே இருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. 2011, 2012 இல் நடந்த முதல் சுற்றிலேயே, குறைந்த புள்ளி எடுப்பவர்களைப் பற்றி ஒற்றை எண்ணால் அதிகம் அறிய முடியாது என்று கண்டு, அடிப்படை வாசிப்புக் கூறுகளுக்கு எனத் தனிப்பகுதி வைத்தார்கள். படத்துக்கு ஏற்ற சொல்லை அடையாளம் காண்பது, ஒரு வாக்கியம் பொருள் தருகிறதா இல்லையா என்று சொல்வது, பந்தியைச் சரளமாக வாசித்துப் போவது. நாடுகளை ஒப்பிடுவதற்கென்றே செய்த ஒரு கணக்கெடுப்புக்கே அது தேவைப்பட்டிருக்கிறது. ஓர் அக்காவுக்கு நாளை என்ன சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டிய எங்களுக்கு அது எவ்வளவு தேவை!

"தரம் 3 மட்டம்" என்று எழுதுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மூன்றாம் தரப் பிள்ளைகள் சராசரியாக எடுக்கிற புள்ளியை இவரும் எடுத்தார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்வளமும் உலக அனுபவமும் குறைவு, எழுத்துப் பழக்கம் கூட. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு நேர்மாறு. அந்தக் குறிப்பை நம்பி மூன்றாம் தரப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்த வகுப்புகள் இருக்கின்றன. முயலும் ஆமையும் வாசிக்க அவர் வரவில்லை. அரசின் அஸ்வெசும நலன்புரி உதவிப் படிவம், மின்சாரச் சீட்டு, பிள்ளையின் பாடசாலைக் கடிதம் இவற்றுக்காக வருகிறார்.

நான் கேட்பது புதிய பரீட்சையோ புதிய நிதியோ இல்லை. திருத்துகிறவர் ஏற்கெனவே ஒவ்வொரு வினாவாகத்தான் திருத்துகிறார். தகவல் எல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது. கூட்டித் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கோவைக்குள் வைத்துவிடுகிறோம். நான்கு பகுதிப் புள்ளிகளையும், விடை போட்ட வினா எத்தனை என்பதையும், பிழைத்த வினாக்களின் எண்களையும் படிப்பிக்கிறவருக்கு அனுப்பினால் போதும். பரீட்சை முடிந்து இரண்டு கிழமைக்குள் அனுப்புங்கள். நாலு மாதம் கழித்து வந்தால் ஆள் அந்த இடத்தில் இருக்க மாட்டார். படிப்பவரின் பெயரும் புள்ளியும் படிப்பிக்கிறவரைத் தாண்டிப் போக வேண்டாம், மண்டபச் சுவரில் ஒட்ட வேண்டாம். தாள் வந்த பிறகு ஒவ்வொருவரோடும் பதினைந்து நிமிடம் தனியே இருந்து வாய்விட்டு வாசிக்கக் கேட்க ஒரு வகுப்பு நாளை ஒதுக்கித் தாருங்கள். புள்ளி என்னிடம் ஒரு சந்தேகத்தைத்தான் எழுப்புகிறது. அந்தச் சந்தேகம் சரியா என்று தெரிவது அவர் வாசிப்பதைக் காதால் கேட்கும்போதுதான். அந்தப் பதினைந்து நிமிடத்தை வருகை இடாப்பில் "கற்பித்தல் நடைபெறவில்லை" என்று எழுதச் சொல்கிறார்கள். அதையும் மாற்றித் தாருங்கள்.

மற்ற வகுப்புகளில் படிப்பிக்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு சிறு பந்தி, ஒரு பென்சில், ஒரு மணிக்கூடு போதும். அவர் வாசிக்கும்போது பிழைத்த எழுத்தின் கீழே ஒரு கோடு போடுங்கள், நின்ற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு அதே பந்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று கேளுங்கள். தான் வாசித்தபோது விளங்காதது நீங்கள் வாசித்தபோது விளங்கினால் எழுத்திலும் வேகத்திலும் வேலை இருக்கிறது. நீங்கள் வாசித்தும் விளங்கவில்லையானால் சொல்லில் வேலை இருக்கிறது. எனக்கு இவ்வளவு காலத்தில் அதிகம் கைகொடுத்த பரீட்சை இதுதான்.

அந்த 19 விடைத்தாள்களும் இன்னும் கோவையில் இருக்கின்றன என்று நம்புகிறேன். அனுமதி மட்டும் தாருங்கள். எந்தக் கந்தோர், எந்த மேசை என்று சொன்னால் நானே வந்து அங்கேயே இருந்து பிரதி எடுத்துக்கொள்கிறேன். போட்டோப் பிரதிச் செலவும் எங்களுடையது. அக்கா "கொ" முடித்துவிட்டார், "கௌ" தொடங்க இருக்கிறோம். அவருடைய தாளில் நான்காவது பிழை என்னவென்று இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அன்புடன்,
ஒரு வாசிப்பு வகுப்புப் போதனாசிரியை,
உப்புவெளி, திருகோணமலை